ஒருவர் மட்டும் பார்த்த இடம்

நான் மயக்கவியல் மேற்படிப்பில் சேர்ந்த 1980களில், அறுவை அரங்கில் எத்தனை பேர் நின்றாலும் நோயாளியின் குரல்நாண்களைப் பார்ப்பவர் ஒருவர்தான். தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் குனிந்து நிற்பவர் அவர். பின்னால் நிற்கும் பேராசிரியருக்கு எதுவும் தெரியாது. கை கழுவிவிட்டுக் காத்திருக்கும் சர்ஜனுக்கும் தெரியாது. கழுத்தை அழுத்திப் பிடித்திருக்கும் உதவியாளருக்கும், டியூபை நீட்டிக்கொண்டு நிற்கும் சிஸ்டருக்கும் தெரியாது. அவர் "தெரியுது" என்றால் தெரிகிறது, "போயிடுச்சு" என்றால் போய்விட்டது. மற்ற எல்லோரும் அவர் சொல்லை நம்பியே அடுத்த காரியத்தைச் செய்தார்கள்.

இன்று அதே இடம் ஒரு சிறு திரையில் பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். எந்தக் கருவி வேகமானது, எது முதல் முயற்சியிலேயே குழாயைச் சேர்க்கிறது, எது பல்லைக் காயப்படுத்துவதில்லை என்று ஒப்பிடும் ஆய்வுகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை நானும் விடாமல் படிக்கிறேன். ஆனாலும் என் வாழ்நாளில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால், ஒருவருடைய பார்வையாக இருந்தது அறையில் உள்ள எல்லோருடைய பார்வையாகவும் ஆனதைத்தான் சொல்வேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொது மயக்கத்தில் பல நேரம் தூக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கிறோம். தளர்பவற்றில் மூச்சுவிடும் தசைகளும் அடக்கம். அந்தக் கணத்திலிருந்து நோயாளிக்காக நாங்கள்தான் மூச்சுவிட வேண்டும். அதற்கு வாய்வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, குரல்நாண்களுக்கு நடுவே நுழைத்து, மூச்சுக்குழாயில் நிறுத்துகிறோம். மூச்சுக்குழாய்க்குப் பின்னாலேயே உணவுக்குழாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் இடம் மாறிப் போய், அதை யாரும் கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் மூளை கெட்டுவிடும். வாயிலிருந்து குரல்வளைக்குப் போகும் வழியோ ஏறத்தாழச் செங்கோணத்தில் திரும்புகிறது. ஒளி அப்படித் திரும்பாது. ஆகவே நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, தாடையைத் தூக்கி, நம் கண்ணுக்கும் குரல்நாணுக்கும் இடையே ஒரு நேர்க்கோட்டை உண்டாக்க வேண்டும். பழைய லாரிங்கோஸ்கோப் அந்த நேர்க்கோட்டுக்காகவே உருவான கருவி.

எங்கள் சீஃப் அந்தக் கருவியின் வரலாற்றை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வார். நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மெக்கின்டாஷ் 1937இல் ஆக்ஸ்போர்டில் மயக்கவியல் பேராசிரியரானார். ஐரோப்பாவிலேயே அந்தத் துறைக்கு அமைந்த முதல் பேராசிரியர் பதவி அது. கார் தயாரிப்பில் பொருளீட்டிய நஃபீல்டு பிரபு, மயக்கவியலுக்கும் ஒரு பதவி இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று கொடுத்தது. ஒருநாள் டான்சில் அறுவைக்காக ஒரு நோயாளியின் வாயைத் திறந்து வைக்கும் பாயில்-டேவிஸ் கருவியைப் பொருத்தியபோது, மெக்கின்டாஷுக்குக் குரல்நாண்கள் எதிர்பாராமல் தெளிவாகத் தெரிந்தன. அன்று காலையே அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ரிச்சர்ட் சால்ட் அந்தக் கருவியின் நாக்கை அழுத்தும் பிளேடை ஒரு லாரிங்கோஸ்கோப் கைப்பிடியில் பற்றவைத்துக் கொண்டுவந்தார். 1943இல் லான்செட் இதழில் அது அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றில் சால்ட்டின் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் சீஃபுக்குக் கோபம் வரும். கருவியை யோசிப்பவருக்கு உள்ள இடம் அதைச் செய்து தருபவருக்கும் உண்டு என்பார்.

மெக்கின்டாஷ் பிளேடின் சிறப்பு வளைவில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். அவரோ, நுனி எங்கே போய் நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று எழுதினார். அதற்கு முந்தைய நேர் பிளேடுகள் எபிகிளாட்டிஸ் என்ற குரல்வளை மூடியை அடியிலிருந்து நேரடியாகத் தூக்கின. இவருடைய பிளேடின் நுனி, நாக்கின் வேருக்கும் அந்த மூடிக்கும் நடுவே உள்ள வேலிகுலா என்ற பள்ளத்தில் உட்காரும். அங்கே தூக்கினால் மூடி தானாக எழும்பும். மூடியின் அடிப்பக்கம் தொடப்படாததால், மயக்கம் ஆழமில்லாத நோயாளிகூட அவ்வளவாக இருமுவதில்லை, திமிறுவதில்லை. தசை தளர்த்தும் மருந்துகள் நடைமுறைக்கு வராத அந்தக் காலத்தில் அது பெரிய நிம்மதி. 1941இல் அமெரிக்காவில் ராபர்ட் மில்லர் வடிவமைத்த நேர் பிளேடு இன்றும் கைக்குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. அவர்களுடைய மூடி நீளமாகவும் துவண்டும் இருப்பதால் அதை நேரடியாகத் தூக்குவதே பலருக்கு வசதி.

எங்கள் அரங்கில் இருந்தது எஃகுப் பிளேடுகள் கொண்ட ஒரு தட்டும் பேட்டரி போடும் கைப்பிடிகளும்தான். பிளேடின் நுனிக்கருகே திருகி மாட்டும் சிறிய பல்பு. அது தளரும், துருப்பிடிக்கும், நேரம் பார்த்து அணையும். காலையில் அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை ஒவ்வொரு பிளேடையும் மாட்டி வெளிச்சம் பார்ப்பது. ஆள்காட்டி விரலால் பல்பைத் திருகி இறுக்குவது அடுத்தது. இரண்டாவது கைப்பிடி இல்லாமல் எந்த நோயாளிக்கும் மயக்கம் தொடங்கக் கூடாது என்று சீஃப் விதி வைத்திருந்தார். அன்றைக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எங்களிடம் கிடையாது. ஒரு விரல் நாடியில் இருக்கும், காது நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதஸ்கோப்பில் இருக்கும், கண் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உதடு நீலம் பாய்வதைக் கண் கண்டுகொள்வதற்குள் ஆக்சிஜன் வெகுவாக இறங்கியிருக்கும்.

கற்றுக்கொடுப்பதுதான் அன்று மிகக் கடினமான பகுதி.

"என்னம்மா தெரியுது?" என்று பின்னாலிருந்து சீஃப் கேட்பார்.

"கார்ட்ஸ் தெரியுது சார்."

"முழுசாவா?"

"தெரியுது சார்."

மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். பயத்தில் சொன்னவர்கள் உண்டு. இளஞ்சிவப்பாகத் தெரியும் எதையோ குரல்வளை என்று மனதார நம்பிச் சொன்னவர்களும் உண்டு. நாங்கள் பார்ப்பது சரிதானா என்று அவர் அறிய ஒரே வழி, மாணவரை விலகச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து பார்ப்பது. பிளேடு கைமாறியதும் காட்சி மாறிவிடும். மாணவர் எதைப் பார்த்தார் என்பது மாணவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக முடிந்துபோகும். இத்தனைக்கும் நடுவில் நோயாளிக்கு மூச்சு இல்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தனிப் பார்வையை அடுத்தவரிடம் சொல்ல ஒரு பொதுமொழி 1984இல் கிடைத்தது. பிரிட்டனில் கார்மேக், லெஹேன் என்ற இருவர் காட்சியை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். குரல்வளையின் வாய் முழுவதும் தெரிந்தால் முதல் நிலை. பின்பகுதி மட்டும் தெரிந்தால் இரண்டு. எபிகிளாட்டிஸ் மட்டும் தெரிந்தால் மூன்று. அதுவும் தெரியாவிட்டால் நான்கு. மறு ஆண்டு, ஆந்திரத்திலிருந்து அமெரிக்கா போய் பாஸ்டனில் பணிபுரிந்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, நோயாளியை வாய் திறந்து நாக்கை நீட்டச் சொல்லியே சிரமத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இன்று உலகில் எந்த நாட்டு மயக்கவியல் குறிப்பேட்டைத் திறந்தாலும் அந்தத் தெலுங்குப் பெயர் இருக்கும். முதல் நாள் மாலை வார்டுக்குப் போய், "வாயை நல்லா திறங்கம்மா, நாக்கை நீட்டுங்க" என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு அவரால் வந்தது. அந்தக் கணிப்பு பல நேரம் பொய்த்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எளிது என்று எழுதி வைத்த நோயாளியிடம் மூன்றாம் நிலைக் காட்சியைப் பார்த்து நிற்பது இந்தத் தொழிலில் யாருக்கும் நேர்வதுதான்.

மூன்றாம் நிலையில் சீஃபின் கை வேலை செய்யும் விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பூஜி என்கிற நீண்ட, நுனி லேசாக வளைந்த குச்சியை எபிகிளாட்டிஸின் அடியில் கண்ணால் பார்க்காமலேயே நழுவ விடுவார். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களில் நுனி உரசிப் போகும்போது சிறு சிறு தட்டல்கள் விரலுக்குத் தெரியும். இன்னும் உள்ளே போனால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். உணவுக்குழாயில் போயிருந்தால் தட்டலும் இருக்காது, முட்டலும் இருக்காது. "தொட்டுப் பாரு" என்று என் விரலைத் தன் விரலோடு சேர்த்து அந்தக் குச்சியில் வைப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான். கண்ணால் பகிர முடியாததை அவர் விரலால் பகிர்ந்துகொண்டார்.

வான்கூவரைச் சேர்ந்த ஜான் பேசி என்ற சர்ஜன் வடிவமைத்த கிளைட்ஸ்கோப் 2001இல் வந்தது. பிளேடின் நுனிக்கு அருகே ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு திரை. கண் இருக்க வேண்டிய இடம் வாய்க்கு வெளியிலிருந்து தொண்டைக்குள் போய்விட்டது. நேர்க்கோடு தேவையில்லாததால் கழுத்தை மடக்கவோ பலமாகத் தூக்கவோ வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்து காலர் போட்டிருப்பவர்களுக்கும், வாய் அதிகம் திறக்க முடியாதவர்களுக்கும் இதனால் கிடைத்த நன்மை பெரிது. பிறகு சி-மேக், மெக்ராத், கிங் விஷன், ஏர்ட்ராக் என்று வரிசையாக வந்தன. எங்கள் ஊருக்கு இவை வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

புதிய கருவியோடு பழைய காலத்தில் இல்லாத ஒரு சிக்கலும் வந்தது. எஃகுப் பிளேடில் குரல்நாண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோலத்தான். கண் போன நேர்க்கோட்டிலேயே குழாயும் போகும். அதிகம் வளைந்த வீடியோ பிளேடில் குரல்நாண்கள் படத்தில் வரைந்ததுபோல நடுவில் நிற்கும், குழாய் மட்டும் போய்ச் சேராது. கேமரா மூலை திரும்பிப் பார்த்துவிட்டது. குழாயும் அந்த மூலையைத் திரும்பியாக வேண்டும். அதற்கென்றே குழாய்க்குள் செருக அதே அளவு வளைத்த விறைப்பான ஸ்டைலட் என்ற கம்பி வேண்டும். காட்சி மிக அருகில் வந்துவிட்டால் குழாய் திரும்ப இடமிருக்காது, பிளேடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காட்சியைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகத் தெரிவதை வேண்டுமென்றே குறைப்பது எங்கள் தலைமுறைக்குப் பழகவே நாளாயிற்று. குழாயை வாய்க்குள் நுழைக்கும் வரை வாயைத்தான் பார்க்க வேண்டும், நுனி திரைக்கு வந்த பிறகே திரையைப் பார்க்க வேண்டும். கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு குழாயைத் தள்ளியதால் மென்னண்ணம் கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதை நான் மாணவர்களிடம் குரலை உயர்த்தியே சொல்கிறேன்.

ஆகவே எல்லா வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் ஒன்றல்ல. மெக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்தவை ஒரு வகை. அதிகம் வளைந்தவை இன்னொன்று. குழாய் போவதற்கென்று பக்கவாட்டில் தடம் உள்ளவை மூன்றாவது. 222 ஆய்வுகளை, 26,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2022இல் வந்தது. மூன்று வகையுமே நேரடிப் பிளேடைவிடத் தோல்விகளைக் குறைக்கின்றன என்றது அது. 2024இல் வெளியான கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வு இன்னும் தெளிவானது. இதயம், நெஞ்சு, இரத்தநாள அறுவைகள் 8,429. ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது அதிகம் வளைந்த வீடியோ பிளேடில் 1.7 சதவீதம், நேரடிப் பிளேடில் 7.6 சதவீதம். இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஒவ்வொரு கூடுதல் முயற்சியிலும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கடினமாகும்.

அமெரிக்காவின் அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்விலும் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 85.1 சதவீதம், நேரடியில் 70.8 சதவீதம். அங்கே குழாய் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மருத்துவர்கள். அனுபவம் கூடக் கூட இடைவெளி சுருங்கியது. இதைக் காட்டி, "கை பழகியவர்களுக்கு எதற்கு வீடியோ?" என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தலைமாட்டில் நிற்பவர் கை பழகியவராக இருப்பார் என்று யார் உறுதி கொடுத்தது?

மாணவர்கள் பழக எனக்குப் பிடித்தது மெக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடுதான். அதை நேரடிப் பிளேடாகவே பிடித்து வாய்க்குள் பார்க்கலாம். அதே நேரம் நான் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"மேடம், எபிகிளாட்டிஸ் மட்டும்தான் தெரியுது."

"நானும் பார்க்கறேன்மா. நுனி இன்னும் வேலிகுலாவுக்குள்ள உட்காரல. கொஞ்சம் உள்ள விடு. போதும். இப்ப கைப்பிடி போற திசையிலயே தூக்கு, பல்லு மேல சாய்க்காதே."

கழுத்தை அழுத்தும் அரங்க உதவியாளரும் திரையைப் பார்க்கிறார். முன்பெல்லாம் "வலது பக்கம், இன்னும் மேலே, ஐயோ அவ்வளவு வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லி அவருடைய விரலை நகர்த்துவோம். இப்போது தன் விரல் அழுத்தும்போது குரல்வளை எப்படி நகர்கிறது என்பதை அவரே பார்த்துச் சரிசெய்கிறார். "இப்ப நல்லா தெரியுது பாருங்க டாக்டர்" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் உரிமை, பழைய அரங்கத்தில் அவருக்கு நாங்கள் கொடுக்காதது.

இங்கே எலைன் புரோமிலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2005இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்குப் போன இரண்டு குழந்தைகளின் தாய். மயக்கம் கொடுத்ததும் மூச்சு வழி கைகூடவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் போடும் முயற்சியிலேயே திரும்பத் திரும்ப மூழ்கிப்போனார்கள். கழுத்தில் துளையிடுவதற்கான பொருட்கள் தயார் என்று ஒரு செவிலியர் அறிவித்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சையில் படுக்கை கேட்டார். நிலைமை செவிலியர்களுக்குப் புரிந்திருந்தும் அவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எலைன் சில நாட்களில் இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. இப்படி இன்னொரு முறை நடக்காமலிருக்க ஓர் அமைப்பைத் தொடங்கி உழைத்தார். திரை இருந்திருந்தால் எலைன் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்கும் அறையில், "டாக்டர், ரொம்ப நேரமாச்சு, தெரியல, நிறுத்துங்க" என்று சொல்லும் தைரியம் ஒரு சிஸ்டருக்கு எளிதாக வருகிறது. அதை என் அரங்கத்தில் நான் கேட்டிருக்கிறேன், நிறுத்தியும் இருக்கிறேன்.

குழாய் போய்ச் சேர்ந்ததா என்பதற்குத் திரை கடைசிச் சாட்சி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப்தான் அந்தச் சாட்சி. அன்று நாங்கள் நெஞ்சு உயர்கிறதா என்று பார்த்தோம், இரு கக்கத்திலும் வயிற்றிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டோம். இவை ஏமாற்றக்கூடியவை. 2011இல் வெளிவந்த பிரிட்டனின் தேசியத் தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சு வழிச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதிக்கு, அந்த அலையைப் பார்க்காததும் சரியாகப் புரிந்துகொள்ளாததும் காரணம் என்று சொன்னது. எவ்வளவு நல்ல காட்சி தெரிந்திருந்தாலும் அலை வராவிட்டால் குழாய் உள்ளே இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2020 கொரோனா காலத்தில், நோயாளியின் வாயிலிருந்து முகத்தைத் தள்ளி வைக்கலாம் என்ற காரணத்துக்காக வீடியோ கருவியின் தேவையை நிர்வாகங்களும் உணர்ந்தன. வாங்க முடியாத இடங்களில் இளம் மருத்துவர்கள், செல்போனில் இணைக்கும் மெல்லிய கேமராவை எஃகுப் பிளேடில் ஒட்டித் தாங்களே செய்துகொண்டார்கள். ரிச்சர்ட் சால்ட்டை நினைத்துக்கொண்டேன்.

எஃகுப் பிளேடு பழகுவதை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் இளையவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாந்தியும் ரத்தமும் லென்ஸை மூடிவிட்டால் திரை இருண்டுவிடும். சார்ஜ் தீரும். மூச்சுக் காற்றில் லென்ஸ் பனிக்கும். அந்த நேரத்தில் நேர்க்கோடு தெரிந்த கை வேண்டும். பூஜியின் தட்டல் தெரிந்த விரல் வேண்டும். இரண்டையும் கற்றுத் தர மெக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடு இருக்கும்போது, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

என் வருத்தம் வேறு. நான் போய்ப் பார்த்த ஒரு மருத்துவமனையில் வீடியோ லாரிங்கோஸ்கோப் பீரோவில் பூட்டியிருந்தது. சாவி பகல் ஷிஃப்டில் இருப்பவரிடம். விலை அதிகம், தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூச்சு வழிச் சிக்கல் வந்த பிறகு சாவி தேட நேரம் கிடையாது. எஃகுப் பிளேடு இருக்கும் அதே ட்ராலியில், சார்ஜ் ஏறிய நிலையில், காலை வெளிச்சம் பார்க்கும்போதே சரிபார்க்கப்பட்டு அதுவும் இருக்க வேண்டும்.

கருவிகள் ஒன்றிரண்டுதான் வாங்க முடியும் என்றால், அவற்றைப் பெரிய ஆஸ்பத்திரியின் பெரிய அரங்கத்துக்குக் கொடுக்காதீர்கள். அங்கே உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். தாலுகா மருத்துவமனையில் நள்ளிரவில் அவசர சிசேரியன் நடக்கும் அரங்கத்துக்குக் கொடுங்கள். கர்ப்பிணிகளின் தொண்டை வீங்கியிருக்கும், ஆக்சிஜன் இருப்பு சீக்கிரம் தீரும், குழாய் போட முடியாமல் போவது மற்ற நோயாளிகளைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டே அறுவையை முடித்துவிடுகிறோம். அது முடியாத இரவில், தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர்களுக்குத் தலைமாட்டில் ஒரே ஒரு மயக்க மருத்துவர் நிற்பார். அவருக்குப் பின்னால் சீஃப் இருக்க மாட்டார். உடன் இருக்கும் சிஸ்டரும் உதவியாளரும் அவரோடு சேர்ந்து பார்க்க ஒரு திரை முதலில் அங்கே போகட்டும்.